மாசி மாதத்து நாற்றுப் பெட்டிகள்

ஊட்டியைப் பூவோடு பார்த்தவர்கள்தான் அதிகம். மே மாதம் தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி, சேரிங்கிராஸிலிருந்து பூங்கா வாசல் வரை நகராத கார்கள், புல்வெளியில் சப்பணமிட்டு வர்க்கி தின்னும் குடும்பங்கள். 1896-ல் தொடங்கிய கண்காட்சி அது. வந்துபோனவர்களின் போட்டோ ஆல்பங்களில் எங்கள் ஊர் சால்வியாச் சிவப்பும் பெட்டுனியா ஊதாவுமாகவே தங்கிவிட்டது. என் ஊட்டி அதற்கு மூன்று மாதம் முந்தியது. பனியில் கருகிப் பழுப்பான புல், சலித்துக் குவித்த கறுப்பு மண், அதன்மேல் குந்தியிருக்கும் அப்பச்சி. தை, மாசியில் அங்கே பூவென்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. ஆனால் மேயில் பூக்கப்போவது அத்தனையும் அப்போது எங்கள் கைக்கடியில், நகத்தின் அளவு இரண்டு இலையோடு, மரப்பெட்டிகளில் இருந்தது.

அப்பச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், பூங்காவுக்குப் போகும் சாலைக்கு மேலே சரிவில் இருந்த ஒரு பங்களாவில் தோட்டக்காரர். பங்களாக்காரர்கள் மெட்ராஸ்வாசிகள். ஏப்ரலில் சீசனுக்கு வருவார்கள், ஜூனில் தென்மேற்கு மழை இறங்கியதும் பெட்டி கட்டிவிடுவார்கள். மீதி மாதங்களில் அந்தப் பெரிய வீட்டின் ஜன்னல்கள் எல்லாம் சாத்திக் கிடக்க, பின்பக்கத்து அவுட்ஹவுஸில் அப்பச்சியும் அம்மாயியும் மட்டும் இருந்தார்கள். நாங்கள் இருந்தது காந்தலில். அப்பா பிலிம் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்தார். சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டதும் நான் பையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிடுவேன். என் தம்பிகளுக்கு அங்கே வேலையில்லை. நாற்றைப் பிடிங்கடா என்றால் கசக்கிவிடுவார்கள் என்று அப்பச்சி அவர்களைப் படியிலேயே நிறுத்திவிட்டார்.

மலர்க் கண்காட்சியை ஒட்டித் தனியார் தோட்டங்களுக்கும் போட்டி உண்டு. பங்களாக்கள், ஓட்டல்கள், பள்ளிக்கூடங்கள் எல்லாம் சேரும். நடுவர்கள் தோட்டம் தோட்டமாக வந்து பார்ப்பார்கள். அந்த நாளில் பூ மலர்ந்திருக்க வேண்டும். முந்தின வாரம் பூத்துக் கொட்டியிருந்தாலும் பிரயோஜனமில்லை, மறுவாரம் பூக்கப்போகிற மொட்டாக நின்றாலும் பிரயோஜனமில்லை. அதனால் அப்பச்சிக்கு வருஷம் மேயில்தான் தொடங்கும், அங்கிருந்து பின்னோக்கி நடக்கும். அவுட்ஹவுஸ் சுவரில் தொங்கிய நாள்காட்டியில் அவர் தாள்களைக் கிழிக்காமல் புரட்டிப் புரட்டி விரல்விட்டு எண்ணுவார். சால்வியாவுக்கும் ஆன்டிரினத்துக்கும் பேன்சிக்கும் நாலு மாதம் வேண்டும், மார்கழியிலேயே விதைக்க வேண்டும். பெட்டுனியா அதற்கு அடுத்து. ஆஸ்டரும் பிளாக்ஸும் தையில். சாமந்தியும் ஜீனியாவும் அவசரக்காரர்கள், மாசியில் போட்டாலும் ஓடிவந்து சேர்ந்துகொள்ளும். சமவெளியில் இதற்கெல்லாம் இத்தனை காலம் ஆகாது. 2,240 மீட்டர் உயரத்தில், இரவெல்லாம் விறைத்துக் கிடக்கும் மண்ணில், செடி தினமும் ரெண்டு மூன்று மணி நேரம்தான் வளர்கிறது என்பது அவர் கணக்கு. மற்ற நேரம் "சும்மா உசுரைப் புடிச்சிக்கிட்டு நிக்குது."

விதைகள் கல்கத்தாவிலிருந்து தபாலில் வரும். பொட்டலத்தின்மேல் கலரில் பூப்படம் இருக்கும், பெயர் இங்கிலீஷில் இருக்கும். அப்பச்சிக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். நான் வாசித்துச் சொல்ல வேண்டும். நாலாங்கிளாஸ் இங்கிலீஷை வைத்துக்கொண்டு நான் கிரிசாந்திமம் என்ற சொல்லோடு போராடுவதை அவர் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார். பிறகு தன் பெயரை வைத்துவிடுவார். பேன்சி பூனைமூஞ்சி. ஆன்டிரினம் நாய்வாய், பக்கவாட்டில் அமுக்கினால் பூ வாயைத் திறக்குமே, அதனால். பெட்டுனியாவை மட்டும் பெட்டுனியா என்றே சொன்னார். அதன் விதை அவ்வளவு பொடி. ஒரு தும்மல் போட்டால் ஒரு பாத்தி போய்விடும். அதை ஆற்று மணலில் கலந்து, உள்ளங்கையை லேசாகச் சாய்த்துத் தட்டித் தட்டி விதைப்பார். அந்த நேரம் நான் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பேன். அம்மாயி பேசினால் கோபம் வரும் அவருக்கு. அம்மாயி வேண்டுமென்றே பேசுவாள்.

மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு இன்றுவரை ஊட்டி என்றால் ஞாபகம் வருவது அந்த மண்ணின் வாசனைதான், யூகலிப்டஸ் தைலம் அல்ல. சோலை ஓரத்தில் மரங்களுக்கடியில் பல வருஷமாக மக்கிக் கிடக்கும் இலைமக்கை அப்பச்சி சாக்கில் அள்ளிவருவார். பறித்தால் ஈரமும் கதகதப்புமாகக் கையில் உதிரும். அதோடு செம்மண், ஓடையிலிருந்து எடுத்த மணல், ரெண்டு வருஷம் குழியில் ஆறிய சாணி எரு. புது எரு நாற்றைச் சுட்டுவிடும் என்று அதைக் கிட்டவே விடமாட்டார். எல்லாவற்றையும் கலந்து சல்லடையில் போட்டு நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் பிடித்து ஆட்டுவோம். மேலே தங்கும் கல்லும் வேரும் ஒரு குவியல். கீழே விழுந்தது இன்னொரு குவியல். விதைப் பெட்டிக்கு ஒருமுறை சலித்தது போதாது, கொசுவலைத் துண்டு கட்டின சட்டத்தில் மறுபடி சலிக்க வேண்டும்.

சலித்த மண்ணை அப்படியே பெட்டியில் போடமாட்டார். விறகடுப்பில் ஒரு பெரிய டின் நிறையத் தண்ணீர் கொதிக்கவைத்து மண்ணின்மேல் ஊற்றுவார். குபுகுபுவென்று ஆவி கிளம்பும். அந்தக் குளிரில் அதற்குமேல் கையை நீட்டிக் காய்வது எங்களுக்குக் கிடைத்த பெரிய சுகம். மண்ணைக் குளிப்பாட்டுகிறார் என்று நான் நினைத்திருந்தேன். நாற்றழுகலுக்காக என்று பின்னால்தான் தெரிந்தது. ஈர மண்ணில் இருக்கும் பூஞ்சை, முளைத்து ரெண்டு நாள் ஆன நாற்றின் தண்டை மண்மட்டத்தில் கவ்வும். சாயங்காலம் நிமிர்ந்து நின்ற பெட்டி வெடியால பார்த்தால் முழுக்கப் படுத்துக் கிடக்கும். வேரில் ஒன்றும் இருக்காது, இலையில் ஒன்றும் இருக்காது, நடுவில் நூல் அளவுக்கு இற்றுப்போயிருக்கும். அப்பச்சிக்குப் பூஞ்சை என்ற சொல் தெரியாது. வெந்நீரும், ஆறினபின் தூவும் அடுப்புச் சாம்பலும், தண்ணீரைக் காலையில் மட்டுமே விடுவதும் தெரியும். சாயங்காலம் நனைந்த மண் இரவெல்லாம் நனைந்தே கிடக்கும் அல்லவா.

பெட்டிகள் என்று சொல்வது ஆப்பிள் வந்த பலகைப் பெட்டிகளை. மார்க்கெட்டில் பழக்கடைக்காரர்களிடம் கேட்டு வாங்கி, பாதி உயரத்துக்கு அறுத்து, அடியில் இடைவெளிவிட்டு ஆணி அடித்தவை. அவற்றை வைப்பதற்குப் பங்களாவின் கிழக்குச் சுவரை ஒட்டி ஒரு செங்கல் தொட்டி இருந்தது. அதன்மேல் மூடியாக, எப்போதோ கழற்றிப் போட்ட பழைய ஜன்னல் கதவுகள். கண்ணாடிப் பெட்டி என்போம். வெளியே நாங்கள் ஸ்வெட்டருக்குள் கையை ஒளித்துக்கொண்டு நிற்க, உள்ளே கண்ணாடியில் வியர்த்துச் சொட்டும். பத்து மணி வெயில் ஏறியதும் ஒரு கல்லைக் கொடுத்து மூடியைத் தூக்கிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாற்று வெந்துவிடும். நாலு மணிக்குக் கல்லை எடுக்க மறந்தால் விறைத்துவிடும். சனி, ஞாயிறுகளில் அந்தக் கல்லுக்கு நான் அதிகாரி.

அதே வேலையை நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த மலையில் இன்னொருவர் பார்த்திருக்கிறார் என்று வெகுநாள் கழித்துப் படித்தேன். ஊரில் இருந்த வெள்ளைக்காரர்கள் சந்தா போட்டுக் காய்கறி விளைவித்த இடத்தை ஒரு பூங்காவாக ஆக்க லண்டன் கியூ தோட்டத்தில் பயின்ற மெக்ஐவர் 1848-ல் வந்து சேர்ந்தார். மேல்பாதி காடு, கீழ்பாதி சதுப்பு. 55 ஏக்கரில் இன்று நாம் பார்க்கும் பூங்கா அவர் வெட்டித் திருத்தியது. 1860-ல் அவரிடம் வந்து சேர்ந்தன சில கண்ணாடிப் பெட்டிகள். மலேரியாக் காய்ச்சலுக்குக் கொய்னா எடுக்கும் சின்கோனாவைப் பெரு நாட்டிலிருந்து கிளமென்ட்ஸ் மார்க்கம் கடல்வழியே கொண்டுவந்தார். மண்ணோடு நட்டு, காற்றுப் புகாமல் மூடிய பெட்டிகள். அட்லாண்டிக்கை எல்லாம் தாண்டி வந்த செடிகளைச் செங்கடல் வெக்கை வாட்டிவிட்டது. ஊட்டிக்கு வந்தும் அவை பிழைக்கவில்லை. அடுத்த வருஷம் ஈக்வடாரிலிருந்து ராபர்ட் கிராஸ் கொண்டுவந்த 400-க்கும் மேற்பட்ட செடிகள்தாம் வேர்பிடித்தன. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனாத் தோட்டம் எழுந்தது. அதைப் படித்தபோது எனக்கு மார்க்கமின் தைரியம் பெரிதாகப் படவில்லை. செங்கடலில் அந்த மூடியைக் கல்வைத்துத் தூக்க ஆளில்லையே என்றுதான் தோன்றியது. மூடியைத் திறந்தால் உப்புக்காற்று என்பது வேறு விஷயம்.

முளைத்து வரும் முதல் இரண்டு இலை எல்லாச் செடிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பார்த்து இனம் சொல்ல முடியாது. அதற்குமேல் வரும் அடுத்த ஜோடியில்தான் சால்வியா சால்வியாவாகும், பூனைமூஞ்சி பூனைமூஞ்சியாகும். அந்த ஜோடி விரிந்ததும் முதல் பெயர்ச்சி. நெருக்கிக்கொண்டு நிற்பவற்றைப் பிரித்து, வேறு பெட்டியில் ரெண்டு விரல் இடைவெளியில் தனித்தனியாக வைக்க வேண்டும். பென்சிலைவிட ஒல்லியாகக் கற்பூர மரக் குச்சியைச் சீவி அப்பச்சி எனக்கென்றே வைத்திருந்தார். யூகலிப்டஸைத்தான் நாங்கள் கற்பூர மரம் என்போம்.

"இலையைப் புடி கண்ணு. தண்டைத் தொடாதே."

அதுதான் முதல் பாடம், ஒரே பாடமும். இலை கிழிந்தால் வேறு இலை விடும். தண்டு ஒருமுறை நசுங்கினால் அதோடு சரி. குச்சியை நாற்றுக்குப் பக்கத்தில் இறக்கி, கீழிருந்து நெம்ப வேண்டும். மேலிருந்து இழுத்தால் வேர் மண்ணிலேயே நின்றுவிடும். வெள்ளை நூல் அளவில் வேர் தொங்க, நுனியில் ரெண்டு மணல் ஒட்டிக்கொண்டிருக்க, அதை இடது கை விரல்களில் தூக்கி, வலது கையால் புது மண்ணில் குழி குத்தி, வேர் மேலே மடங்காமல் நேராக இறங்கும்படி விட்டு, சுற்றிலும் குச்சியால் மண்ணை அணைக்க வேண்டும். அழுத்தினால் மூச்சு முட்டும். அழுத்தாவிட்டால் காற்றுப் புகுந்து வேர் காயும். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை அவர் சொல்லித் தரவே இல்லை. என் கையைப் பிடித்து அவர் கையால் ஒருமுறை அழுத்திக் காட்டினார். அந்த அளவு இன்னும் என் கட்டைவிரலில் இருக்கிறது.

அவர் விரல்கள் வெடித்து, தடித்து, நகம் கறுத்துப் போனவை. பேன்சி நாற்றை அவற்றால் பிடிக்க முடியாது என்று சொல்லித்தான் என்னை உட்கார வைத்தார். "உன்ற வெரலுதான் இதுக்கு ஆகும்." உண்மையில் அவர் என்னைவிட வேகமாகச் செய்வார் என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்கவில்லை.

பெயர்ச்சிக்கு முன்னால் பெட்டிக்கு நன்றாகத் தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் ஆறவிட வேண்டும். உச்சி வெயிலில் செய்யக் கூடாது. செய்து முடித்ததும் பூவாளியில் தெளிக்கக் கூடாது, நாற்று சாய்ந்துவிடும். பெட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் கொஞ்சம் இறக்கிவைத்தால் அடியிலிருந்து ஈரம் ஊறி மேலே ஏறும். மேல்மண் நிறம் மாறுவதைப் பார்த்து எடுத்துவிட வேண்டும். இதையெல்லாம் அவர் விதி என்று சொன்னதில்லை. தப்பாகச் செய்தால் "ம்ஹும்" என்பார்.

பனியைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு ஆசை இருக்கிறது. தலைக்குந்தாவில் புல் வெள்ளை வெளேரென்று கிடக்கும் படம் பேப்பரில் வந்ததும் காரைக் கிளப்பிக்கொண்டு வருகிறார்கள். தோட்டக்காரன் வீட்டில் அதற்கு வரவேற்பு இல்லை. மழை நின்ற மார்கழியிலிருந்து மாசி வரை, மேகமில்லாத, காற்றில்லாத ராத்திரிகள்தான் ஆபத்து. மேகம் இருந்தால் மண்ணின் சூடு அதில் தடுக்கித் தங்கும். மேகமில்லாவிட்டால் மண் பகலெல்லாம் வாங்கியதை ஆகாயத்துக்கு விட்டுவிட்டு வெறுங்கையோடு நிற்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பச்சி வெளியே வந்து அண்ணாந்து பார்ப்பார். நட்சத்திரம் அதிகமாகத் தெரிந்தால் முகம் மாறும். எனக்கு நட்சத்திரம் அழகு என்பது ஸ்கூல் பாட்டில்தான் தெரியவந்தது.

தோட்டத்தின் கீழ்க்கோடியில், ஓடைப் பக்கம், ஒரு நல்ல சமதளம் இருந்தது. வளமான மண். அங்கே பங்குனி பிறக்கும் வரை அவர் எதையும் வைக்கமாட்டார். நான் கேட்டேன். "பனி தண்ணியாட்டம் கண்ணு. மேட்டுல நிக்காது, பள்ளத்துக்குத்தான் ஓடும்" என்றார். குளிர்ந்த காற்று கனம், அது சரிவில் இறங்கித் தாழ்வில் தேங்கும் என்று ஒன்பதாம் வகுப்பில் பூகோள டீச்சர் பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டியபோது, எனக்கு அந்த ஓடைக்கரைப் பாத்திதான் தெரிந்தது.

மூடுவதற்குக் கோத்தகிரிப் பக்கத்து மிலார் வரும். அடர்த்தியாகக் கிளைத்த புதர்ச்செடியின் கொம்புகள். பூங்காவிலும் அதைத்தான் செடிகளுக்குமேல் நட்டுக் கூரையாக வைப்பார்கள். பங்களாவில் அது கிடைக்காத வருஷம் பெரணித் தழையையும் சாக்கையும் போடுவோம். பேன்சிக்கு மட்டும் எதுவும் கிடையாது. பனிக்கட்டி ஒட்டிய இலையோடு நின்று, வெயில் வந்ததும் உதறிக்கொண்டு எழுந்துவிடும் அது. அத்தனை மென்மையாகத் தெரியும் பூவுக்கு இப்படி ஒரு நெஞ்சழுத்தம். சால்வியா நேர்மாறு. பூ நெருப்பாய் எரியுமே ஒழிய, ஒரு ராத்திரி பனிக்குக் கறுத்துவிடும்.

ஒரு மாசியில், பனிக்காலம் முடிந்துவிட்டது என்று மிலாரை எல்லாம் எடுத்து அடுக்கிய பிறகு, திடீரென்று வானம் துடைத்துவிட்டது. அன்று நான் அங்கே தங்கியிருந்தேன். இருட்டோடு அப்பச்சி எழுப்பினார். லாந்தரைப் பிடிக்க ஆள் வேண்டும். புல்லில் கால் வைத்ததும் நறநறவென்று உடைந்தது. சால்வியாப் பெட்டிகள் சுவரோரம் திறந்த வெளியில் இருந்தன, வெளிக்காற்றுக்குப் பழகட்டும் என்று அந்த வாரம்தான் வைத்திருந்தார். இலை விளிம்பில் எல்லாம் உப்புத் தூள் வைத்ததுபோல் தெரிந்தது. அவர் தூக்கி உள்ளே கொண்டுபோவார் என்று நினைத்தேன். செய்யவில்லை. பூவாளியில் குளிர்ந்த தண்ணீரை எடுத்து மெதுவாக ஊற்றத் தொடங்கினார். ஏற்கெனவே விறைத்துக் கிடப்பதன்மேல் பச்சைத் தண்ணீரா என்று எனக்கு அழுகை வந்தது. பனி செடியைக் கொல்வதில்லை, பனிமேல் சுள்ளென்று விழும் முதல் வெயில்தான் கொல்லும் என்பது அவர் கட்சி. அது படுமுன் பனியைக் கழுவிவிட வேண்டும். கிணற்றுத் தண்ணீர் நமக்குத்தான் குளிர், அந்த இலைக்கு அது வெந்நீர். கிழக்கே வெளுக்கும் வரை ஊற்றிக்கொண்டே இருந்தார். நான் லாந்தரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றி மாற்றி, வெறுங்கையைக் கண்ணாடியில் ஒட்டி வைத்துக்கொண்டேன். அம்மாயி கும்முட்டி அடுப்பில் கரி மூட்டிக் கொண்டுவந்து என் காலடியில் வைத்துவிட்டு, "பூவுக்குப் போற உசுருக்கு நம்ம புள்ள உசுரு போவுது" என்று சொல்லிப் போனாள். ஓரத்துப் பெட்டியில் கொஞ்சம் போயிற்று. மற்றவை நின்றன.

வெளிக்காற்றுக்குப் பழக்குவது என்றேனே, அதுதான் அம்மாயிக்கும் அவருக்கும் நடந்த சண்டைகளின் மூலகாரணம். நேரே கண்ணாடிப் பெட்டியிலிருந்து பாத்திக்குப் போனால் நாற்று துவண்டுவிடும். முதல் வாரம் பகலில் ஒரு மணி நேரம், பிறகு அரைநாள், பிறகு பொழுதோட வரை, கடைசியில் ராத்திரியும். தண்ணீரையும் குறைத்துக்கொண்டே வர வேண்டும். தினமும் பெட்டிகளைத் தூக்கி வெளியே வைத்து, தூக்கி உள்ளே வைக்க வேண்டும். உள்ளே என்றால் அவுட்ஹவுஸ் திண்ணை. அங்கேதான் அம்மாயி அரிசி புடைப்பாள், துணி காயவைப்பாள், காந்தலிலிருந்து வரும் ஒறம்பரையை உட்கார வைப்பாள். மாசி முழுக்க வருகிறவர்கள் நின்றுகொண்டேதான் டீ குடித்தார்கள். என் பெரிய மாமா ஒருமுறை தெரியாமல் ஆஸ்டர் பெட்டியில் உட்கார்ந்துவிட்டார். அப்பச்சி அவரோடு சித்திரை வரை பேசவில்லை.

பங்குனியில் மார்க்கெட் மாரியம்மன் கோயிலில் திருவிழா தொடங்குவதற்குள் பாத்திகள் நட்டு முடிந்திருக்க வேண்டும். கயிறு கட்டி, கோடு பிடித்து, உயரமாக வருபவை பின்னால், குட்டையானவை முன்னால். நடுவது எப்போதும் வெயில் தாழ்ந்தபின். பெட்டியின் ஒரு பக்கப் பலகையைக் கழற்றி, கத்தியால் மண்ணைக் கட்டம் கட்டமாக வெட்டி, ஒவ்வொரு நாற்றையும் அதன் மண் கட்டியோடு அலுங்காமல் தூக்கி வைப்பார். அவர் குழி எடுப்பார், நான் தூக்கிக் கொடுப்பேன். நட்ட மறுநாள் மத்தியானம் பார்த்தால் எல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். முதல் வருஷம் நான் பூவாளியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் தடுத்துவிட்டார். "இடம் மாறுன கோவம். சித்த நேரம் மொகத்தைத் தூக்கிட்டுத்தான் இருக்கும். பொழுதோட பாரு." பொழுதோட நிமிர்ந்துவிட்டன. ஈரம் இருக்கிற மண்ணில் வாடி நிற்கும் செடிக்கு மேலும் தண்ணீர் விட்டால், தேடிப்போக வேண்டிய வேர் நின்ற இடத்தில் நின்றுவிடும்.

அதற்குப் பிறகு எதிரிகள். மண்ணுக்குள் சுருண்டு படுத்திருக்கும் வெட்டுப்புழு ராத்திரி எழுந்து, தண்டை அடியோடு வெட்டிப் போட்டுவிட்டுப் போகும், தின்னக்கூடச் செய்யாது. அதற்காகப் பழைய நியூஸ் பேப்பரைக் கிழித்து ஒவ்வொரு நாற்றின் கழுத்திலும் ஒரு வளையம் சுற்றி நடுவோம். செய்தித்தாள் கட்டிய செடிகள் வரிசையாக நிற்கும். நான் நடந்துகொண்டே தலைப்புகளை வாசிப்பேன். நத்தைகளை லாந்தர் வெளிச்சத்தில் பொறுக்கி டப்பாவில் போடுவது தம்பிகளுக்குக் கிடைத்த ஒரே உத்தியோகம். அதில் அவர்கள் காட்டிய உற்சாகத்தை இங்கே விவரிக்க வேண்டாம்.

எனக்குப் பொறுக்காதது கொழுந்து கிள்ளுவதுதான். இத்தனை பாடுபட்டு, ஒரு சாண் உயரம் வந்து, உச்சியில் முதல் மொட்டுத் தலைகாட்டும்போது அப்பச்சி கட்டைவிரல் நகத்தால் டக்கென்று கிள்ளிப் போட்டுவிடுவார். உச்சி போனால் பக்கத்துக் கணுக்களில் எல்லாம் கிளை உடையும், ஒரு பூவுக்குப் பத்துப் பூ வரும், அதோடு பூக்கிற நாளும் பத்துப் பதினைந்து நாள் தள்ளிப்போகும். மேயை நோக்கி அவர் போட்ட கணக்கின் கடைசி திருத்தம் அந்த நகத்தில் இருந்தது. வெயில் நெம்ப அடித்த வருஷம் ரெண்டுமுறை கிள்ளுவார். கோடைமழை முந்தின வருஷம் கிள்ளாமலே விடுவார். அவர் போன வழியே போய்க் கிள்ளிப்போட்ட மொட்டுகளைப் பொறுக்கி ஒரு தட்டுத் தண்ணீரில் மிதக்கவிடுவேன். பெரும்பாலும் அழுகிப்போகும்.

ஏப்ரலில் ஜன்னல்கள் திறக்கும், மெட்ராஸ் சமையல் வாசனை வரும், நான் முன்பக்கத் தோட்டத்துக்குப் போகக் கூடாத காலம் தொடங்கும். பூத்ததை நான் பெரும்பாலும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்த்தேன். கோப்பை கிடைத்த வருஷமும் உண்டு, கிடைக்காத வருஷமும் உண்டு. கிடைத்தது பங்களாவின் கண்ணாடி அலமாரிக்குப் போகும். அப்பச்சிக்கு ஒரு வேட்டியும் துண்டும். எங்கள் அம்மா இதைச் சொல்லிச் சொல்லிக் கோபப்படுவாள். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளமாட்டார். நானும் அம்மா கட்சிதான், இப்போதும்.

ஆனால் அவரிடம் ஒரு தனிக் கணக்கு இருந்தது. பாத்திக்கு நூறு நாற்று வேண்டுமென்றால் நூற்றைம்பதாவது போடுவார், போவது போக இருக்கட்டும் என்று. மிஞ்சியவை எல்லாம் ஈர நியூஸ் பேப்பரில் சுருண்டு, என் ஸ்கூல் பையில் ஏறிக் காந்தலுக்கு இறங்கும். எங்கள் சந்தில் பால்பவுடர் டின், எண்ணெய் டின், ஓட்டை வாளி என்று எதையும் யாரும் தூக்கிப் போட்டதில்லை. கேட்டு வாங்கின செடியைவிடத் திருடின செடி நன்றாக வரும் என்பார்கள், அது உண்மையோ என்னவோ, பங்களாவில் முழங்கால் உயரம் நின்ற பெட்டுனியா எங்கள் சந்தில் கூரை ஓரத்திலிருந்து தரை வரை தொங்கியது. சமையலறைக் கழுநீரும் ஆட்டுப் புழுக்கையும் சாப்பிட்ட கொழுப்பு.

சின்னச் சித்திக்கு நிச்சயம் செய்தது ஒரு மே மாதம். தோட்டக்காரர் வீட்டு விசேஷம் என்று பங்களா அம்மாவே காரில் காந்தலுக்கு வந்துவிட்டார். சந்து முனையில் இறங்கி நடந்து வந்தவர், எங்கள் வாசலில் நின்றுவிட்டார். இரட்டை இதழ் பெட்டுனியா, வெள்ளை விளிம்பு வைத்த ஊதா. மலையில் அந்த ரகம் அப்போது வேறெங்கும் இல்லை என்று அவர் நடுவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த அதே ரகம். எங்கள் வீட்டில், எதிர்வீட்டில், சாயிபு வீட்டில், டீக்கடைத் தகரத்தில். வாசலில் தட்டோடு நின்ற அம்மாயி மெல்ல உள்ளே போய்விட்டாள்.

"இது நம்மகிட்ட இருக்கிறதைவிட நல்லா வந்திருக்கே. எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார்.

அப்பச்சி தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "கவர்மெண்ட் தோட்டத்துல நாத்து விக்கிறாங்கம்மா. அங்கதான்."

"அப்ப ஏன் இத்தனை வருஷமா நீங்க உக்காந்து விதை போட்டுக் கஷ்டப்படறீங்க? அடுத்த சீசனுக்கு நமக்கும் அங்கயே வாங்கிடுங்க" என்று பையைத் திறந்து ஐம்பது ரூபாய் எடுத்து நீட்டினார். "முன்பணமா வெச்சுக்குங்க."

அப்பச்சி என்னைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

"சரிங்கம்மா" என்றார்.

மார்கழி பிறந்ததும் தபாலில் விதை வந்தது. இந்தமுறை பொட்டலங்கள் கொஞ்சம் அதிகம்.